பஜ்ஜி போட்டுப் படம் காட்டினோம்!

1992-ல் திருச்சியில் நான் படித்த கல்லூரியில் எங்களுக்கு ஒரு திரைப்பட மன்றம் இருந்தது. மொத்த உறுப்பினர்கள் பதினான்கு பேர். சந்தா பத்து ரூபாய். ஆக, கையிருப்பு நூற்று நாற்பது. இந்த மாபெரும் நிதியை வைத்துக்கொண்டு சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'யைத் திரையிடுவது என்று தீர்மானம் போட்டோம்!

காரணம் இல்லாமல் இல்லை. அந்த வருடம்தான் ரேக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள், பாரத ரத்னா கொடுத்தார்கள். ஏப்ரலில் அவர் போய்விட்டார். பேப்பரெல்லாம் அவரைப் பற்றியே எழுதியது. ஆனால், எங்களில் ஒருத்தன்கூட அவர் படம் ஒன்றையும் முழுசாகப் பார்த்ததில்லை. தெரிந்தவர் மூலமாக விசாரித்ததில் 16 எம்.எம். பிரிண்ட், புரொஜக்டர், ஆபரேட்டர் பேட்டா எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரம் ரூபாய் என்று தெரிந்தது.

"கல்ச்சுரல்ஸுக்கு ஸ்டால் போடுவோம். வாழைக்காய் பஜ்ஜி!" என்றார் செயலாளர். (செயலாளர், பொருளாளர் என்று நான் சொல்வதெல்லாம் லுங்கி கட்டிய ஹாஸ்டல் பையன்களைத்தான். அடியேன் துணைச் செயலாளர்.)

நூற்று நாற்பது ரூபாயில் மூன்று நாள் கடை நடத்த முடியாது. அப்போதுதான் புதுக்கோட்டைப் பக்கத்துப் பையனான எங்கள் பொருளாளர், விரலில் கிடந்த கால் பவுன் மோதிரத்தைக் கழற்றினான். ப்ளஸ் டூ பாஸ் பண்ணியதற்கு அவன் அப்பத்தா போட்டது. "அடகுதானே... மூணு நாள்ல மீட்டுடலாம்டா" என்றான். அறுநூறு ரூபாய் கிடைத்தது.

முதல் நாள் மாலை. வாடகை ஸ்டவ், வாடகை வாணலி, சொந்தத் திமிர்! பஜ்ஜி உப்பலாக வரட்டுமே என்று ஆப்ப சோடாவை அள்ளிப் போட்டார் செயலாளர். உப்பியது உண்மை. கூடவே வாணலியில் இருந்த எண்ணெயையும் குடித்துவிட்டது. பேப்பரில் வைத்து அழுத்தினால் அச்சில் இருந்த தலைவர்கள் எல்லாம் பஜ்ஜி மேல் வந்து உட்கார்ந்தார்கள். வாங்கியவர்கள் திரும்ப வரவில்லை. வராதவர்களிடமும் சொல்லி அனுப்பினார்கள். முந்நூறு செலவு, நூற்றெண்பது வரவு.

இதில் ஓசி வேறு. "என்னப்பா, ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் உழைக்கிறீங்களா? வெரிகுட்!" என்று சொல்லிக்கொண்டே ஆறு பஜ்ஜியை முடித்துவிட்டுப் போன விரிவுரையாளரிடம் காசு கேட்கும் தைரியம் யாருக்கு இருக்கிறது? இன்டர்னல் மார்க் அவர் கையில்.

ராத்திரி மெஸ் மாஸ்டரிடம் போய் நின்றோம். எங்கள் மாவை விரலால் தொட்டுப் பார்த்தவர், "தம்பி, இது பஜ்ஜி மாவு இல்ல... போஸ்டர் ஒட்டுற பசை" என்றார். அப்புறம் பாடம் நடத்தினார். மொந்தன் காயை மெல்லிசாகச் சீவ வேண்டும். நாலு பங்கு கடலை மாவுக்கு ஒரு பங்கு அரிசி மாவு. சோடாவை மறந்துவிட்டு, காய்ந்த எண்ணெய் ஒரு கரண்டி மாவில் விட வேண்டும். ஒரு சொட்டு மாவைப் போட்டால் உடனே மேலே வரணும், வந்தால்தான் பஜ்ஜி. ஒரே தடவையில் வாணலியை நிரப்பினால் எண்ணெய் சூடு இறங்கிவிடும், பஜ்ஜி எண்ணெயைக் குடிக்கும். மூன்று வருடம் கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை ஸார்!

இரண்டாம் நாள் இருநூற்று அறுபது செலவு, நானூற்றுப் பத்து வரவு. மூன்றாம் நாள் மழை தூறியது பாருங்கள்... பஜ்ஜிக்கு அதைவிட விளம்பரம் உண்டா? முந்நூற்றைம்பது போட்டு எழுநூற்றிருபது எடுத்தோம். மிளகாய்ப் பொடி பட்ட கண்ணோடு பொருளாளர் எண்ணி முடித்தபோது கையில் ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.

சந்தோஷம் ஐந்து நிமிடம்தான். கணக்குப் போட்டால் படம் மட்டும் தொள்ளாயிரம். மோதிரத்தை வட்டியோடு மீட்டால் படம் இல்லை. படத்தை வரவழைத்தால் மோதிரம் இல்லை. அடுத்த மாதம் தீபாவளி. வெறும் விரலோடு அவன் ஊருக்குப் போக வேண்டும்.

"படத்தை விட்டுடலாம்டா" என்றேன். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

பொருளாளர் மட்டும் ஒப்பவில்லை. "அந்த மனுஷன் இந்தப் படத்துக்காகப் பொண்டாட்டி நகையையே அடகு வெச்சாருடா. என்னுது கால் பவுன்!" என்றான்.

அவன் சொன்னது நிஜம். விளம்பரக் கம்பெனியில் வேலையை விடாமல், ஆபீஸ் லீவு நாட்களில் போய்ப் படம் எடுத்தவர் ரே. கையில் காசு தீர்ந்து இன்ஷூரன்ஸ், இசைத்தட்டுகள், மனைவியின் நகை என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்துத்தான் படம் 1955-ல் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுத் தூங்குகிற நமக்கெல்லாம் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஹாஸ்டல் டைனிங் ஹாலில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டிப் படம் போட்டோம். நாற்பது பேர் வந்தார்கள். "ஃபைட் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பத்துப் பேர் நழுவினார்கள். பின்வரிசையில் அடுப்பை அணைத்துவிட்டு மெஸ் மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். வங்காளமும் தெரியாது, கீழே ஓடுகிற இங்கிலீஷும் தெரியாது.

மகள் துர்கா செத்துப்போனது தெரியாமல் அப்பன் ஊரிலிருந்து வந்து, அவளுக்கென்று வாங்கிய புடவையை எடுத்துக் காட்டுகிற இடம். அம்மா வாய்விட்டுக் கதறுகிறாள்... அந்த அலறல் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் வாத்தியம்தான் கதறும். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார் மாஸ்டர்.

மறுநாள் காலை இட்லி வைக்கும்போது, "அந்தப் புடவைய என்ன தம்பி பண்ணியிருப்பாங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

மீதி இருநூற்று நாற்பதோடு, ஐந்து பேர் மாதம் முப்பது ரூபாய் என்று மூன்று மாதம் போட்டு, பொங்கலுக்கு முன்னால் மோதிரத்தை மீட்டோம். ஆனால், நடுவில் தீபாவளி வந்ததே! விரல் வீங்கியிருக்கிறது, மோதிரம் ஹாஸ்டல் பெட்டியில் இருக்கிறது என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டுதான் ஊருக்குப் போனானாம். எண்ணெய் தேய்த்துவிடும்போது அப்பத்தா அவன் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். இவனுக்குப் பொய் வரவில்லை. பஜ்ஜியிலிருந்து படம் வரை மொத்தத்தையும் கொட்டிவிட்டான்.

கிழவி கொஞ்ச நேரம் பேசாமல் தலையில் எண்ணெயைத் தட்டிக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டதாம்:

"படம் நல்லா இருந்துச்சா ராசா?"