சமூக வாழ்வில் சமயமும் பிற ஸ்தாபனங்களும்

மனிதன் தனித்து வாழப் பிறந்தவனல்லன். பிறந்தவுடன் குடும்பம் அவனை ஏந்துகின்றது. பின்னர்ப் பள்ளி, தொழில், ஊர், அரசு என்பன ஒன்றன்பின் ஒன்றாய் அவனைப் பற்றிக்கொள்கின்றன. இவையனைத்தையும் முற்காலத்தில் சமயம் ஒன்றே தாங்கி நின்றதென்றும், அது தளர்ந்தமையாலேயே நாடு தளர்ந்ததென்றும் கூறுவர் ஒரு சாரார். கல்வியையும் வைத்தியத்தையும் நீதியையும் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பின்னர்ச் சமயத்திற்கு இனி வேலை யாதுளது என வினாவுவர் மற்றொரு சாரார். நம் கல்லூரி விடுதிகளில் இவ்வழக்கு இரவு விளக்கணையும் வேளை வரையில் நடைபெறுவதை நாம் கேட்டிருக்கின்றோம். இரு கட்சியாரும் உரத்துப் பேசுகின்றனரேயன்றி, சமயம் இந்நாட்டில் உண்மையில் எத்தொழில்களைச் செய்து வந்தது, அவை எவ்வாறு பிறர் கைக்கு மாறின என்பதை விசாரிப்பார் அரியர். உலகத்துச் சமயங்கள் யாவற்றையும் ஆராய்தல் ஒரு சிறு வியாசத்துள் அடங்காதாகலின், நம் தமிழ்நாட்டளவில் அதனை ஈண்டு விசாரிக்கப் புகுகின்றோம்.

சோழர் காலத்துக் கோயிலை வழிபடும் இடமாக மாத்திரம் கருதுவோமாயின், அதன் பாதியை நாம் கண்டிலோம். முதலாம் இராசராசன் எடுப்பித்துக் கி.பி. 1010-ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுக்களைப் படிப்பார்க்கு, ஒரு பெரிய வங்கியின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது போலத் தோன்றும். கோயிலுக்கு அளிக்கப்பட்ட பொன்னும் காசும் பெட்டகத்தில் உறங்கவில்லை. அவை ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்குக் கொடுக்கப்பட்டன. வட்டி காசொன்றுக்கு ஆண்டொன்றில் அரைக்கால் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஊரார் அம்முதலைக் கொண்டு தம் காரியம் பார்த்துக்கொள்ள, வட்டியானது நெல்லாகவும் காசாகவும் கோயிலுக்கு வந்தது. அங்ஙனம் வந்தது அடியார்க்கும், ஆடல் மகளிர்க்கும், தச்சர், கணக்கர் முதலிய பல்வகைப் பணியாளர்க்கும் சென்றது. தளிச்சேரிப் பெண்டுகள் மாத்திரம் 400 பேர் ஆங்குக் குடியேற்றப்பட்டு, ஒவ்வொருவரும் வீடும் நெற்பங்கும் பெற்றனர்.

நந்தா விளக்கொன்று எரிய 96 ஆடுகள் விடுதல் அக்காலத்து வழக்கம். அவற்றை ஏற்ற இடையன் நாடோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளத்தல் வேண்டும். கிழடு சாகக் குட்டி பெருகி அத்தொகை என்றும் நிலைக்குமென்பது கருத்தாதலின், அவ்வாடுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர் பெற்றன. பக்தன் ஒருவனது புண்ணியமும், இடையன் ஒருவனது பிழைப்பும், ஆண்டவன் சந்நிதியின் ஒளியும் ஒரே ஏற்பாட்டிற்குள் அடங்கிய இதனினும் சிறந்த உபாயத்தைப் பொருணூற் புலவர் இக்காலத்தில் எளிதிற் கண்டுபிடித்தல் அரிதென்றே நாம் எண்ணுகின்றோம்.

வைத்தியமும் கோயிலைச் சார்ந்திருந்தது. பாலாறு, வேகவதி, செய்யாறு என்னும் மூன்றும் கூடுமிடமாகிய திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்ததாகிய நெடிய கல்வெட்டொன்று உளது. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரிய அதனால், அக்கோயிலைச் சார்ந்து வேதம் முதலியன பயிலும் கல்லூரியும், மாணவர்க்கு உண்டியும் உறையுளும், வீரசோழன் என்னும் பெயரால் ஓர் ஆதுலசாலையும் இருந்தமை விளங்கும். ஆதுலசாலையில் 15 படுக்கைகள், வைத்தியன் ஒருவன், சல்லியக்கிரியை செய்வான் ஒருவன், மூலிகை கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டுகள் இருவர், நாவிதனும் உண்டு. இவர்களுக்குரிய ஊதியமும், சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும், இரவில் எரிய வேண்டிய விளக்கிற்கு எண்ணெயும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. விளக்கெண்ணெயையும் மறவாத அந்நிர்வாகத்தை நாம் வியவாதிருத்தல் கூடுமோ?

ஆயினும் வியப்போடு ஒரு வினாவும் எழுதல் வேண்டும். அவ்வாதுலசாலை யாருக்காக? கோயிற் பணியாளர்க்கும் அங்குப் பயிலும் மாணவர்க்குமாக ஏற்பட்டது அது. பாலாற்றங்கரையில் உழுது அக்கோயிலின் நெற்குதிரை நிரப்பிய கூலியாள் காய்ச்சலில் விழுந்தபோது, அப்பதினைந்து படுக்கைகளுள் ஒன்று அவனுக்குக் கிடைத்ததென்று நினைக்க அக்கல்வெட்டு இடங்கொடுக்கவில்லை.

உத்தரமேரூரையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் அவ்வூர்ச் சபையார் செய்துகொண்ட ஏற்பாட்டை மேடைதோறும் நம்மவர் புகழ்கின்றனர். ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றிற்கு உறுப்பினரைத் தேர்ந்தனர். முன்னர் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவன் தகுதியற்றவன். அவன் மாத்திரமன்றி அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். இவ்விதி ஒன்றே இன்றைய எத்தனையோ சங்கங்களுக்குப் பாடமாகத் தக்கது. ஆனால் அக்குடத்தில் ஓலையிடப்பெறுதற்கு உரியவன் யாவன்? காணிக்கடன் கொடுக்கும் நிலம் கால் வேலிக்கு மேலுடையவனாய், தன் மனையில் தானே வீடெடுத்துக்கொண்டவனாய், 35 வயதிற்கு மேல் 70-க்குள்ளானவனாய், வேதம் வல்லவனாய் இருத்தல் வேண்டும். அது பிரமதேய ஊரின் சபை. பறைச்சேரியாரும் பெண்டிரும் அக்குடத்திற்கு வெகு தூரத்திலிருந்தனர். கணக்கில் இத்துணைக் கண்டிப்பும், வாயிலில் இத்துணை நெருக்கமும் ஓரிடத்தே கூடியிருந்தமை நம் சிந்தனைக்குரியது.

பிற்காலத்தில் நாயக்க, மராட்டிய அரசர்கள் சத்திரங்களை மிகுவித்தனர் என்பதை மாத்திரம் சொல்லி மேற்செல்கின்றோம்.

கும்பினியார் நாட்டைக் கைக்கொண்டபோது கோயிற் சொத்துக்களின் பொறுப்பும் உடன் வந்தது. சென்னை ராஜதானியில் 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ரெகுலேஷனால், கோயில், மசூதி முதலியவற்றின் மானியங்களும், சத்திரம், பாலம் போன்றவற்றிற்கு விடப்பட்ட தருமங்களும் ரெவினியூ போர்டாரின் மேற்பார்வைக்குட்பட்டன. கிறிஸ்தவ அரசாங்கம் பிற சமயக் கோயில்களை நடத்துவது தகாதென மிஷனரிமாரும் இங்கிலாந்திலுள்ள அவர்தம் நண்பரும் முறையிட்டனர். சென்னைச் சேனாதிபதியாயிருந்த ஸர் பெரெகிரின் மெயிட்லண்ட் என்பார், படைவீரர் கோயில் விழாக்களிற் கலந்து மரியாதை செய்யும் வழக்கத்தை ஒப்பாது 1838-ஆம் ஆண்டில் பதவியையே துறந்தார். கடைசியில் 1863-ஆம் ஆண்டின் இருபதாம் ஆக்டினால் சர்க்கார் விலகிக்கொண்டு, கோயில்களைத் தருமகர்த்தர்களிடமும் கமிட்டிகளிடமும் விட்டது. கமிட்டி அங்கத்தினருக்கு அப்பதவி ஆயுட்காலம் உரியதாயிற்று. மிஷனரிமாரின் மனச்சாட்சிக்கு இஃது ஆறுதலளித்திருக்கலாம். கோயில் நிலங்களுக்கு ஆறுதலளித்ததாகச் சொல்லுதல் இயலாது. கணக்குக் கேட்பாரற்ற இடத்தில் என்ன நிகழுமென்பதை உத்தரமேரூரார் தொள்ளாயிரம் ஆண்டுகட்கு முன்னரே அறிந்திருந்தனர்.

இனி நம்மைச் சார்ந்த பக்கத்திற்கு வருவோம். மிஷன் கல்லூரியிலிருந்துகொண்டு பிறர் வாயிலையே காட்டி நம் வாயிலை மறைப்பது நேர்மையன்று.

சீகன்பால்கு ஐயரும் புளுச்சோ ஐயரும் 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தரங்கம்பாடியில் இறங்கினர். அடுத்த ஆண்டிலேயே பெண்குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தோன்றிற்று. பின்னர் அச்சுக்கூடமும், தமிழ்ப் புதிய ஏற்பாடும் வந்தன. வேலூரின் கதை நம்மிற் பலருக்குத் தெரிந்ததே. எனினும் நம் பொருளுக்கு அஃது இன்றியமையாதது. இளம்பெண்ணாயிருந்த ஐடா ஸ்கடர் அம்மையார் திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் தங்கியிருந்த காலத்து, ஓரிரவில் மூன்று வீட்டார் ஒருவர்பின் ஒருவராய் வந்து, பிரசவ வேதனையிற் கிடந்த தம் மனைவியரைக் காக்க வருமாறு அவரை வேண்டினர். அவர் தந்தையாரோ தேர்ந்த வைத்தியர். ஆயின் ஆண்மகன் ஒருவன் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுதல் கூடாதென்று வந்தவர் மறுத்தனர். வந்தவருள் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். இங்கே வைத்தியம் இல்லாமலில்லை, அன்பும் இல்லாமலில்லை; மனைவியின் உயிருக்காக இரவில் ஓடிவந்த கணவன்மார் கன்னெஞ்சரல்லர். குடும்பம் என்னும் ஸ்தாபனம் தன் வழக்கத்தை வாயிற்படியில் நிறுத்திவைத்திருந்தது, அவ்வளவே. ஐடா அம்மையார் வைத்தியம் கற்றுத் திரும்பி, 1900-ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. திருமுக்கூடலின் பதினைந்து படுக்கைகளுக்கும் வேலூரின் ஒரு படுக்கைக்கும் இடையே ஏறக்குறைய 830 ஆண்டுகள் சென்றன.

இவ்வளவும் மகிழ்ச்சியுடன் சொல்லத்தக்கவை. ஆனால் அதே மிஷன் ஆலயங்களில் சாதிக்கொரு பக்கமாக அமர்ந்தே நம் முன்னோர் ஜெபித்தனர். இராப்போஜனப் பாத்திரத்தை எவர் முதலிற் பெறுவதென்பதிலும் வரிசையிருந்தது. கல்கத்தா அத்தியட்சராகிய தானியேல் வில்சன் 1833-ஆம் ஆண்டில் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிதல் வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் சபையாருட் பலர் அதனை ஏற்க மறுத்தனர். ரோமன் கத்தோலிக்கருள்ளும் நிலைமை வேறன்று. திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த வடக்கன்குளத்தில், இரு வகுப்பாரும் ஒருவரையொருவர் பாராமலே பலிபீடத்தைப் பார்க்குமாறு இரு கிளையாகப் பிரிந்த ஆலயமே கட்டப்பட்டது. நடுவிலிருந்த தடுப்பு 1910-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டபோது பெருங்கலகம் விளைந்தது. சமயம் மாறினும் உட்காரும் இடம் மாறவில்லை.

அரசாங்கமும் நீதிஸ்தலமும் இவ்விஷயத்தில் எந்நாளும் ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்றனவென்று எண்ணுவாருளராயின், அவர் கமுதி வழக்கைப் படித்தல் நலம். 1897-ஆம் ஆண்டில் நாடார் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுட் புகுந்து வழிபட்டனர். தருமகர்த்தராகிய இராமநாதபுரம் அரசர் வழக்குத் தொடுத்தார். கீழ்க்கோர்ட்டிலும் சென்னை ஹைக்கோர்ட்டிலும் தோற்ற நாடார்கள் லண்டன் பிரிவி கவுன்சில் வரையிற் சென்றனர். 1908-ஆம் ஆண்டில் அங்கும் தோற்றனர். சிவனடியார் சிலர் சிவனை வணங்கியது குற்றமா அன்றா என்பதைக் கடல்கடந்த கிறிஸ்தவ நீதிபதிகள் ஊர் வழக்கத்தை அளவுகோலாகக் கொண்டு தீர்மானித்தனர். எந்த ஸ்தாபனத்தின் கதவை எந்த ஸ்தாபனம் பூட்டிற்று என்பதை வாசகர் எண்ணிப் பார்ப்பாராக.

அக்கதவு திறந்த விதமும் கூறத்தக்கது. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசர் தம் நாட்டுக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்து பிரகடனம் செய்தார். மதுரையில் 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் உடன்கொண்டு மீனாட்சியம்மன் சந்நிதி சென்றார். முன்னையது முடியரசின் ஆணை. பின்னையது சமயத்தினுள்ளேயே பிறந்து வைதிகக் குடும்பத்தில் வளர்ந்த ஒருவரும், அஞ்சாது உடன் நடந்த அறுவரும் செய்த காரியம். இராஜாஜி மந்திரிசபை விரைந்து சட்டமியற்றி அவர்களுக்குப் பாதுகாப்பளித்தது. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல் வந்தது. சட்டம் முன்னே செல்ல மனம் பின்னே வருதலும் உண்டு. மனம் முன்னே செல்லச் சட்டம் மூச்சிரைக்க ஓடி வருதலும் உண்டு. மதுரையில் நிகழ்ந்தது பின்னது.

கணக்கைப் பொறுத்தவரையில், பனகல் அரசர் தலைமையில் நீதிக்கட்சி மந்திரிசபை 1925-இல் கொணர்ந்து 1927-இல் மீண்டும் இயற்றப்பட்ட இந்து சமய அறநிலையச் சட்டம், கோயில்களை ஒரு போர்டின் மேற்பார்வையில் வைத்தது. 1951-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போர்டை நீக்கி அரசாங்க இலாகாவாக்கிற்று. சிரூர் மடத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1954-இல் சமயக் கொள்கை வேறு, சொத்து நிர்வாகம் வேறு எனப் பகுத்து, அச்சட்டத்தின் சில பிரிவுகளைத் தள்ளியது. அதன் பின்னர் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அரசு கோயிலைவிட்டு விலகுதல் வேண்டுமென்று இந்நாளில் முழங்குவோர், 1863 முதல் 1925 வரையில் அது விலகியே நின்ற வரலாற்றையும் சேர்த்துப் பேசுவாராயின் வாதம் செம்மைப்படும். அரசே நடத்தல் போதுமென்போர், இலாகாவின் கணக்கை யார் கேட்பதென்பதற்கும் விடை கூறுதல் வேண்டும்.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், குடும்பம், சமயம், அரசு, கலாசாலை என்னும் நான்கும் ஒரு சிறு காகிதத்தில் வந்து கூடுவதை நாம் நம் அலுவலகத்தின் பலகணியிலேயே காணலாம். அதுவே சாதிச் சான்றிதழ். 1950-ஆம் ஆண்டு ராஷ்டிரபதி ஆணைப்படி, அட்டவணைச் சாதியார் என்னும் உரிமை இந்துக்களுக்கு உரியதாயிற்று. 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் விரிவாயிற்று. கிறிஸ்தவராயினார்க்கு அவ்வுரிமை தரப்படவில்லை. ஆகவே ஒரே சேரியில் ஒரே தெருவில் பிறந்து, ஒரே கிணற்றில் ஒருங்கே தடுக்கப்பட்ட இரு குடும்பங்களின் மைந்தர், பலகணியின் முன் இரு வேறு பட்டியல்களில் நிற்கின்றனர். பாட்டனார் ஞானஸ்நானம் பெற்றமையால் ஒருவனுக்கு உபகாரச் சம்பளம் வேறுபடுகின்றது. அவனுடைய ஊர்ச் சபையிலோ கல்லறைத்தோட்டமும் சில இடங்களில் வேறாகவே இருக்கின்றது. இவ்விலக்கை நீக்குமாறு தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. விடுதியில் வழக்காடும் நம் இளைஞர், சமயத்திற்கு இனி வேலையுண்டோ என்னும் வினாவை அடுத்த முறை எடுத்துக்கொள்ளும்போது, அப்பலகணியின் முன் நிற்கும் தம் தோழனையும் அருகிருத்திக்கொண்டு பேசுமாறு வேண்டுகின்றோம்.