கடற்கரைச் சாலைக்குப் பெயர் தந்த 'பப்பா' குபேர்



நம்மில் பலர் பாண்டிச்சேரிக்குப் போயிருப்போம். மாமல்லபுரத்தில் பஸ் ஏறினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். அங்கே எல்லோரும் 'பீச் ரோடு' என்று சொல்கிற சாலையின் உண்மையான பெயர் குபேர் சாலை. காய்கறி, மீன் விற்கிற பெரிய மார்க்கெட்டின் பெயரும் குபேர் அங்காடிதான். பணத்துக்கு அதிபதியான குபேரன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நம்ம வகுப்பிலேயே சிலர் சொன்னாங்க. அது சரியில்லை. எதுவார் குபேர் என்ற மனிதரின் பெயர் அது. சட்டம் படித்து அரசியலுக்கு வந்தவர். பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். அவரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதப் போகிறேன்.

நம்ம ஊருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் என்ன சம்பந்தம்?

பிரெஞ்சு என்றாலே பாண்டிச்சேரி மட்டும்தான் என்று நினைக்காதீங்க. நம்ம செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, கடப்பாக்கம் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறதே, அது 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் கைக்குப் போனது. பத்து வருஷம் கழித்து 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்துவிட்டார்கள். அதன் பிறகு நம்ம பக்கம் முழுக்க ஆங்கிலேயர் ஆட்சி. பாண்டிச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் என்ற ஐந்து துண்டுகள் மட்டும் கடைசியில் பிரெஞ்சுக்காரர்களிடம் மிஞ்சின. 1947 ஆகஸ்டு 15-ல் நாம் கொடி ஏற்றியபோது அந்த ஐந்து இடங்களில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது.

யார் இந்த குபேர்?

1894 ஜூலை 29-ல் பாண்டிச்சேரியில் பிறந்தார். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா இந்தியர். சட்டம் படித்துவிட்டுப் பிரெஞ்சு நீதிமன்றத்தில் ஆவணங்களைப் பதிவு செய்யும் அதிகாரியாக வேலை பார்த்தார். ஜனங்களோடு நன்றாகப் பழகுவார். அதனால்தான் 'பப்பா குபேர்' என்று கூப்பிட்டார்கள். பப்பா என்றால் பிரெஞ்சில் அப்பா.

1947-க்குப் பிறகு பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் பெரிய தலைவர் ஆனார். பெயரில் சோஷலிஸ்ட் இருந்தாலும் அந்தக் கட்சி பிரெஞ்சு ஆட்சியின் பக்கம்தான் நின்றது. 1948 அக்டோபரில் நடந்த நகரசபைத் தேர்தலில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஜெயித்தது. 1951-ல் குபேர் பாரீஸ் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகப் போனார்.

எதிர்ப்பக்கத்தில் யார்? கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா. பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காகப் போராடியவர். 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 தொழிலாளர்கள் இறந்தது அந்தப் போராட்டத்தில்தான். சுதந்திரம் வேண்டும் என்று கேட்டவர்களில் முன்னால் நின்றவர் இவர். குபேரின் கட்சி மேல் அடிதடி, கடத்தல் என்று நிறையப் புகார்கள் இருந்தன. இதை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது.

சட்டத்தில் ஒரு முடிச்சு

1946-ல் எழுதிய பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் 27-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? அங்கே வாழும் மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் வேறு நாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. அதாவது பிரெஞ்சு அரசே மனசு வைத்தாலும் கையெழுத்துப் போட்டுச் சும்மா கொடுத்துவிட முடியாது. மக்களைக் கேட்க வேண்டும்.

சந்திரநாகூரில் 1949 ஜூனில் கேட்டார்கள். 7,463 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றும், 114 பேர் வேண்டாம் என்றும் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் புதுச்சேரியில் ஓட்டெடுப்பு தள்ளிக்கொண்டே போனது. நகரசபைகள் எல்லாம் குபேர் கட்சியின் கையில் இருந்ததால், அவர்கள் சம்மதிக்காமல் எதுவும் நகரவில்லை.

இந்திய அரசு சும்மா இருக்கவில்லை. 1949-ல் சுங்க உடன்பாட்டை முடித்துக்கொண்டது. எல்லையில் சோதனை வந்தது. வரைபடத்தைப் பார்த்தால் புதுச்சேரி ஒரே துண்டாக இருக்காது. ஒரு ஊர் அவங்களுது, அடுத்த ஊர் நம்மளுது, திரும்பவும் அவங்களுது என்று கலந்து கிடக்கும். பக்கத்து ஊருக்குப் போகவே தொல்லை என்றால் ஜனங்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

பக்கம் மாறிய வருஷம், 1954

1954 மார்ச்சில் குபேரும் அவரோடு இருந்த நகரசபைத் தலைவர்களும் திடீரென்று இந்தியாவோடு இணைய வேண்டும் என்று அறிவித்தார்கள். மார்ச் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றினார்கள். சுற்றிலும் இந்திய எல்லை இருக்கிற ஊர் அது. பிரெஞ்சுப் படை அங்கே போவது கஷ்டம். அங்கேயே தற்காலிக அரசு என்று ஒன்றை அமைத்தார்கள்.

உலக நிலவரமும் மாறியது. மே மாதம் வியட்நாமில் தியன் பியன் பூ என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை தோற்றது. ஜூனில் பிரான்சில் பியர் மாந்தேஸ் பிரான்ஸ் என்பவர் பிரதமர் ஆனார். இவரும் வக்கீலாக இருந்து அரசியலுக்கு வந்தவர்தான். சண்டை வேண்டாம், பேசி முடிப்போம் என்றார்.

அதன்படி 1954 அக்டோபர் 18-ல் கீழூர் என்ற சின்னக் கிராமத்தில் மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. 8 பேர் எதிர்ப்பு. சட்டம் கேட்ட சம்மதம் இப்படிக் கிடைத்தது. நவம்பர் 1-ல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்துச் சட்டப்படி முழுதாக மாறியது 1962 ஆகஸ்டு 16-ல்தான். எட்டு வருஷம் ஆயிற்று!

அப்போது மக்களுக்கு ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள். விரும்பியவர்கள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம். அப்படி இருந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் புதுச்சேரியில் இருந்துகொண்டே பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போடுகின்றன.

1963 ஜூலை 1-ல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் ஆனார் குபேர். 1964 செப்டம்பரில் பதவி போனது. வெங்கடசுப்பா ரெட்டியார் அடுத்து வந்தார். 1979 ஆகஸ்டு 14-ல் குபேர் காலமானார்.

அவர் நல்லவரா?

இதை எழுதும்போது எங்கள் குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. "ஆதாயத்துக்காகக் கட்சி மாறினவருக்குக் கடற்கரைச் சாலையா? உயிரைக் கொடுத்த 12 தொழிலாளர்கள் பெயரை வைக்கக் கூடாதா?" என்று ஒரு பக்கம். "அவர் மாறியிருக்காவிட்டால் அந்த 170 ஓட்டு எங்கிருந்து வந்திருக்கும்? கோவாவில் 1961-ல் ராணுவம் போன மாதிரி இங்கேயும் போயிருக்கும்" என்று இன்னொரு பக்கம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். குபேர் விடுதலை வாங்கித் தரவில்லை. கதவு தெரு ஜனங்கள் தட்டித் தட்டித்தான் அசைந்தது. ஆனால் சாவி அவரிடம் இருந்தது. எந்தக் காரணத்துக்காகவோ, சரியான நேரத்தில் அவர் அதைத் திருப்பினார். கீழூரில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. அதற்காக அவர் பெயர் சாலையில் இருக்கட்டும். ஆனால் சுப்பையாவையும் அந்த 12 பேரையும் தெரிந்துகொள்ளாமல் அந்தச் சாலையில் நடந்து வருவது பாதி வரலாற்றோடு திரும்பி வருவது மாதிரி.

தெரிந்து கொள்வோம்: குபேர் சாலையின் தெற்குப் பக்கம் போனால் டூப்ளேயின் சிலை இருக்கும். நம்ம ஆலம்பரைக் கோட்டையை வாங்கிய அதே டூப்ளேதான்! அதே சாலையில் காந்தி சிலையும் இருக்கிறது. 'மேரி' என்ற வெள்ளைக் கட்டிடத்தையும் பாருங்கள். மேரி பெண் பெயர் இல்லை, பிரெஞ்சில் நகரசபை அலுவலகம். 2014-ல் மழையில் இடிந்து விழுந்ததை அதே வடிவத்தில் மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

உங்கள் கருத்து என்ன? சாலைக்கு நீங்கள் யார் பெயரை வைப்பீர்கள்? காரணத்தோடு எழுதி, நூலகத்தில் உள்ள பெட்டியில் போடுங்கள். நல்ல பதில்கள் அடுத்த மாதத் தாளில் வரும்.

— 11-ஆம் வகுப்பு, வரலாற்றுப் பிரிவு