சிரிப்பு யாருடையது?

நீரிழிவினால் ஒரு கால் அகற்றப்பட்டவர், புண் ஆறிவரும் நாள்களில், "இனி எனக்கு ஒற்றைச் செருப்பு போதும், கடையில் பாதி விலைக்குக் கேளுங்கள்" என்று சொல்லிச் சிரிப்பதுண்டு. உடனிருக்கும் குடும்பத்தினர் பதறி, "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று தடுத்துவிடுகிறார்கள். மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி இது. அந்தப் பதற்றத்தில் அன்பு இருக்கிறது. ஆயினும், தம் இழப்பைப் பற்றிப் பேச அவர் திறந்த முதல் கதவு அங்கே மூடப்படுகிறது.

உடற்குறையைக் குறிக்கும் சொற்களுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 'ஸ்பாஸ்டிக்' என்பது தசை இறுக்கத்தைக் குறிக்கும் மருத்துவச் சொல்; நோய்க்குறிப்பில் நாங்கள் இன்றும் எழுதுவது. பிரிட்டனில் அது வசைச் சொல்லாகிவிட்டது. இளமையில் போலியோவால் பாதிக்கப்பட்ட ஆங்கிலேயப் பாடகர் இயன் டூரி, ஐக்கிய நாடுகள் அவை உடல் ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981-இல், அந்த வசையையே தமக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டு ஒரு பாடலை வெளியிட்டார். இரக்கப்பார்வைக்கு அவர் அளித்த மறுமொழி அது. பிபிசி அப்பாடலை ஒலிபரப்புவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. மூளை முடக்குவாதம் உள்ளோருக்காக அந்நாட்டில் இயங்கிய சங்கம், 1994-இல் தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கி 'ஸ்கோப்' என மாறியது. ஆனால் 2012-ஆம் ஆண்டு லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில் மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள் டூரியின் பாடலைப் பெருமிதத்தோடு பாடினார்கள்.

சங்கம் கைவிட்டதும் கலைஞர்கள் ஏந்தியதும் ஒரே சொல்தான். பிறர் வீசும்போது காயப்படுத்திய சொல், உரியவர் கையில் எடுத்தபோது வலுவிழந்தது. மூளை முடக்குவாதத்தால் பேச இயலாமல், கருவியின் குரலில் நகைச்சுவை நிகழ்த்தும் லீ ரிட்லி, 'குரலைத் தொலைத்தவன்' எனப் பொருள்படும் மேடைப்பெயருடன் 2018-இல் பிரிட்டனின் புகழ்பெற்ற தொலைக்காட்சித் திறன் போட்டியில் வென்றார். தம்மைப் பற்றிய முதல் நகைச்சுவையைத் தாமே சொல்பவர், பிறர் தம்மை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் தாமே தீர்மானிக்கிறார்.

எனவே குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள்: அவர் சிரித்தால் உடன் சிரியுங்கள், சிரிக்க இயலாவிடில் அருகில் அமர்ந்து கேளுங்கள். ஆனால் அந்தக் கேலியை நீங்களாகத் தொடங்காதீர்கள். உறவினர் முன்னிலையில் எடுத்துச் சொல்லாதீர்கள். 'நொண்டி' என்று அவர் தம்மைச் சொல்லிக்கொள்வது, அச்சொல்லைப் பிறருக்கும் வழங்கும் அனுமதி ஆகாது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. நகைச்சுவை சில வேளைகளில் மனச்சோர்வை மறைக்கும் திரையாகவும் அமையும். உறக்கமும் உணவும் குறைந்து, பயிற்சியை மறுத்து, "நான் உங்களுக்குப் பாரம்", "இருந்து என்ன பயன்" என்று சிரித்தபடியே சொன்னாலும், அதை விளையாட்டென்று விட்டுவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடமோ செவிலியரிடமோ தெரிவியுங்கள். புண்ணைப் போலவே மனத்தையும் உரிய நேரத்தில் கவனித்தால் ஆற்ற முடியும்.