தெருவின் ஓட்டு

சென்னை அம்பத்தூரில் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில், அட்டை மறைப்புக்குப் பின்னால் நாம் நிற்கும் அந்த அரை நிமிடம் முழுக்க நம்முடையது. எந்தப் பட்டனை அழுத்தினோம் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது. ஆனால் நம் தெரு எதை அழுத்தியது என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

வாசலுக்கு உள்ளே, சுவரோரமாக உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜென்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அலுவலர் பெயரைச் சத்தமாகப் படிக்கப் படிக்க, மடியில் இருக்கும் வாக்காளர் பட்டியலில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வருவார்கள். சாயங்காலம் வாக்குப்பதிவு இயந்திரத்தில் எத்தனை ஓட்டு பதிவானது என்று அலுவலர் 17சி படிவத்தில் எழுதிக் கொடுப்பார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஏஜென்டுகள் கிளம்புவார்கள். எண்ணும் நாளில் ஒரு கூடத்தில் பதினான்கு மேசைகள், மேசைக்கு ஒரு பூத்தின் இயந்திரம். அந்தக் கணக்கெல்லாம் படிவம் 20-இல் பூத் வாரியாக ஏறும். அதை யாரும் பார்க்கலாம். ஓரிரு தெருக்களில் வாழும் ஆயிரம் பேர் சேர்ந்து என்ன சொன்னார்கள் என்பதை இத்தனை நெருக்கத்தில் காட்டும் ஆவணம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பக்கத்து மக்களின் மனம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அம்பத்தூர் 2011-இலும் 2016-இலும் அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது, 2021-இல் தி.மு.க.வை. பக்கத்து ஆவடியில் இன்னும் வியப்பு. 2016-இல் அங்கே அ.தி.மு.க.வின் க. பாண்டியராஜன், தி.மு.க.வின் சா.மு. நாசரை வெறும் 1,395 ஓட்டில் வென்றார். இருவரும் சேர்ந்து வாங்கியது இரண்டு லட்சத்துக்கும் மேல். 698 பேர் கை மாறி அழுத்தியிருந்தால் முடிவே வேறு. அதாவது, முந்நூறு பேரில் சுமார் ஒருவர். ஐந்து வருடம் கழித்து அதே இருவர் மோதினார்கள். இந்த முறை நாசர் 55,275 ஓட்டில் ஜெயித்தார். வேட்பாளர்கள் மாறவில்லை, தெருக்கள் மாறவில்லை. மாறியது காற்று.

பூத் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இந்தத் தெரு நம்ம தெரு’ என்று கட்சிக்காரர்கள் பேசுவதை டீக்கடையில் கேட்கலாம். அடுத்த வாக்கியம், ‘அப்போ அங்கே இருக்கிற இன்னார் எல்லாம் நமக்குத்தான் போட்டாங்க’ என்று வரும். வழுக்கும் இடம் அதுதான்.

அமெரிக்க சமூகவியலாளர் ராபின்சன் 1950-இல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பளிச்சென்று காட்டியது. 1930-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொண்டார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகமாக இருந்தது. அப்படியானால் குடியேறிகள் நன்றாகப் படித்தவர்களா? ஆளாளாகப் பார்த்தால் நேர்மாறு; அவர்களிடையே எழுத்தறியாதவர்கள் சற்றுக் கூடுதல். அவர்கள் போய்க் குடியேறியது படித்தவர்கள் நிறைந்த மாநிலங்களில். கூட்டத்தின் எண் தனி மனிதரின் எண் அல்ல.

பிழைப்புக்காக வந்தவர்கள் கட்டிய ஊர் அம்பத்தூர். 1964-இல் தொழிற்பேட்டை வந்த பிறகு எத்தனை மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள்! ஒரே பூத்தின் எல்லைக்குள் இரண்டு அடுக்குமாடிகளும் பின்னால் ஒரு வரிசைச் சின்ன வீடுகளும் இருக்கும். பூத் ஒரு கட்சிக்கு அறுபது சதவீதம் தந்தால், அது மாடிவீட்டு ஓட்டா, வரிசைவீட்டு ஓட்டா? படிவம் 20 அதைச் சொல்லாது. இங்கே லேத்தில் நிற்பவரின் பெயர் இன்னும் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே இருக்கலாம். வீடு காலிசெய்து போனவரின் பெயர் இங்கேயே தங்கியிருக்கலாம். 2025 டிசம்பரில் வந்த தமிழ்நாட்டின் வரைவு வாக்காளர் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. அவற்றில் சுமார் 66 லட்சம், இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போனவை. சென்னைவாசிகள் ஓட்டுப்போடவே வருவதில்லை என்று பல வருடம் திட்டியபோது, இல்லாத ஆட்களையும் சேர்த்தே திட்டியிருக்கிறோம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பூத்களின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது, எந்தத் தெரு எதற்குப் போட்டது என்று தெரியாமல் இருப்பதற்காக. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரத்துக்கு மாறியது. இயந்திரத்தைக் கலக்க முடியாது. பதினான்கு இயந்திரங்களை இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. 2015-இல் சட்ட ஆணையமும் தன் 255-ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பூத் கணக்கு தெரிந்தால்தான் எங்கே வேலை செய்ய வேண்டும் என்று கட்சிக்குத் தெரியும் என்பது ஒரு வாதம். எங்கே வேலை செய்யாமல் விடலாம் என்பதும் அதே தாளில்தான் இருக்கிறது. மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும் தெருவில் குடியிருப்பவர்கள் அதை நினைக்காமல் இருக்க மாட்டார்கள்.