உங்களுக்குத் தெரியுமா? – கைமாறி வந்த ஜீப்புக்கு எந்த ஒயில்?

பேசாலையிலிருந்து மன்னார் போகும் வீதியில் மீன் லொறிகளுக்கும் ஓட்டோக்களுக்கும் நடுவே பிராடோ, மொன்டெரோ, லேண்ட் குரூஸர், எப்போதாவது ஒரு பிஎம்டபிள்யூ எக்ஸ்5 என்று பெரிய ஜீப்புகளும் ஓடுகின்றன. பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கைக்கு வந்தவை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் நாட்டில் இருந்த வாகனங்களுக்கெல்லாம் வயது ஏறிவிட்டது. கோடியைத் தாண்டி விலை கொடுத்தவர்கள்கூட, ஒயில் மாற்றும் நாளில் "இருக்கிறதில ஒன்றைப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். அவர்களுக்காகவே இந்தத் துணுக்குகள்.

★ "தம்பி, எங்கட ஊர் வெக்கைக்கு நல்லாத் தடிச்ச ஒயிலாப் பாத்து ஊத்து." கராஜ்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மன்னார் வெயிலில் நின்று கேட்டால் நியாயமாகவே தோன்றும். ஆனால் ஓடிச் சூடேறிய எஞ்சினில் ஒயில் 90, 100 பாகை செல்சியஸில் நிற்கும். நுவரெலியாவிலும் ஏறக்குறைய அதே சூடுதான், பேசாலையிலும் அதே சூடுதான். அதைத் தேர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் பார்த்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கில் பார்த்தால், விடிகாலை 28 பாகையில் கிடக்கும் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின்தான். ஸ்டார்ட் செய்த முதல் நிமிடங்களில் தேய்மானம் அதிகம். அந்த நேரத்தில் ஒயில் மேலே கேம் ஷாஃப்ட் வரைக்கும், டர்போவின் தாங்கி வரைக்கும் விரைந்து ஏற வேண்டும். 40 பாகையில் அளந்தால் 20டபிள்யூ-50 ஒயில், 5டபிள்யூ-30 ஒயிலைவிட இரண்டு மடங்குக்கு மேல் தடிப்பானது. பழைய லொறிகளுக்கு அது சரி. வால்வு நேரத்தை ஒயில் அழுத்தத்தாலேயே மாற்றும் இன்றைய எஞ்சின்களுக்குச் சரியல்ல.

★ கலனில் டபிள்யூவுக்கு முன்னால் நிற்கும் எண், கடுங்குளிரில் ஒயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கானது. 0டபிள்யூ ஒயிலைப் பூச்சியத்துக்குக் கீழ் 35 பாகையில் சோதிக்கிறார்கள், 10டபிள்யூவைப் பூச்சியத்துக்குக் கீழ் 25இல். நமக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை. ஆகவே 0டபிள்யூ-30 கிடைக்காத நாளில் 5டபிள்யூ-30 ஊற்றுவதால் இங்கே வில்லங்கம் வராது. பின்னால் நிற்கும் எண்ணைத்தான் மாற்றக் கூடாது. 100 பாகையில் ஒயிலின் தடிப்பைச் சொல்வது அதுதான்.

★ இரண்டு கலனிலும் 5டபிள்யூ-30 என்றே இருக்கும். ஆனால் ஒயில் ஒன்றல்ல! 150 பாகைச் சூட்டிலும் கடும் உராய்விலும் ஒயில் படலம் எவ்வளவு தாங்குகிறது என்று ஓர் அளவு உண்டு. ஜப்பானிய, அமெரிக்கக் கார்களுக்கான 30ஆம் தர ஒயிலுக்கு அது 2.9 இருந்தால் போதும். ஐரோப்பியத் தரமான ஏசிஈஏ சி3 ஒயிலுக்குக் குறைந்தது 3.5 வேண்டும். பென்ஸ், பிஎம்டபிள்யூ எஞ்சின்களில் பல இந்த இரண்டாவது வகையைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர் இங்கேதான் ஏமாறுகிறார். கலனின் பின்பக்கம் எம்பி 229.51, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04, விடபிள்யூ 507 00 என்று சிறிய எழுத்தில் இருக்கும் அங்கீகாரத்தைப் பாருங்கள்.

★ ஜப்பானிலிருந்து நேரே வந்த வாகனத்தின் கையேடு ஜப்பான் மொழியில்தான் இருக்கும். அதனாலேயே பலர் அதை டாஷ்போர்டு அறையிலிருந்து எடுப்பதே இல்லை. கைத்தொலைபேசிக் கமராவால் மொழிபெயர்த்து வாசிக்கலாம். முடியாவிட்டால், பல வாகனங்களில் ஒயில் ஊற்றும் மூடியின் மேலேயே 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று பொறித்திருக்கும். எஞ்சினின் குறியீட்டு எண்ணையும் தெரிந்து வையுங்கள். ஒரே பிராடோ 150 உடலில் பெற்றோல் எஞ்சினும் வந்தது, 3.0 லீற்றர் டீசலும் வந்தது, 2.8 லீற்றர் டீசலும் வந்தது. ஒன்றின் ஒயில் மற்றதற்கு ஆகாது.

★ ஏபிஐ எஸ்எஃப் என்று பொறித்த ஒயில், 1988க்குப் பின் செய்த பெரும்பாலான பெற்றோல் எஞ்சின்களுக்கு உகந்ததல்ல என்று அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகமே சொல்கிறது. பெற்றோல் வாகனத்துக்கு இன்று தேட வேண்டியது எஸ்பி அல்லது அதற்குப் பின் வந்த தரம். எஸ்பி 2020 மே மாதம் வந்த தரம். சிறிய டர்போ எஞ்சின்களில் பெற்றோல் நேரத்துக்கு முன்பே பற்றிப் பிஸ்டனை உடைக்கும் கோளாறைக் குறைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

★ புதிய ரக டீசல் ஜீப்பின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரி அதில் சேர்ந்ததும் எஞ்சின் தானே சூட்டைக் கூட்டி எரித்துவிடும். ஆனால் சாம்பல் எரியாது. அந்தச் சாம்பல் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? ஒயிலில் கலந்திருக்கும் கல்சியம், மக்னீசியம், துத்தநாகம் போன்ற உலோகச் சேர்வைகளிலிருந்து. சிறிது சிறிதாக எரிந்துபோகும் ஒயிலோடு அவையும் போய் வடிகட்டியில் தங்கிவிடுகின்றன. ஆகவே இப்படிப்பட்ட எஞ்சினுக்குச் சாம்பல் குறைந்த ஒயில் கட்டாயம். ஐரோப்பிய வாகனத்துக்கு ஏசிஈஏ 'சி' வரிசை, ஜப்பானிய வாகனத்துக்கு ஜேஏஎஸ்ஓ டிஎல்-1. ஜப்பான் சந்தைக்கென வந்த 2.8 லீற்றர் டீசல் பிராடோவுக்கு உரியது இந்த டிஎல்-1 தான். ஏழரை லீற்றர் அளவுக்குக் கொள்ளும், செலவு கூடத்தான் செய்யும். ஆனால் வடிகட்டி அடைத்துப்போய் மாற்றுகிற செலவோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

★ மேலே சொன்னதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, நம் நாட்டில் அது முக்கியம். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து அமிலமாகும். அதை முறிப்பது ஒயிலில் இருக்கும் காரத்தன்மை. சாம்பல் குறைந்த ஒயிலில் அந்தக் காரத்தன்மையும் குறைவு, விரைவில் தீர்ந்துபோகும். எனவே டிபிஎஃப் உள்ள ஜீப்புக்குச் சாதாரண ஒட்டோ டீசலை அடித்துவிட்டு, கையேட்டில் 10,000 கிலோமீற்றர் என்று இருக்கிறதே என்று ஓடக் கூடாது. கந்தகம் குறைந்த சூப்பர் டீசல் அடியுங்கள். அது கிடைக்காமல் போகும் காலங்களில் 5,000 கிலோமீற்றருக்கு மேல் ஒரே ஒயிலில் ஓடாதீர்கள். ஐரோப்பாவின் சுத்தமான எரிபொருளை நினைத்து எழுதிய கால இடைவெளியை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. பிஎம்டபிள்யூ நிறுவனமே தன் லாங்லைஃப்-04 ஒயிலைப் பெற்றோல் எஞ்சின்களுக்கு ஐரோப்பாவில் மட்டும் அனுமதித்திருந்தது. மற்ற நாடுகளின் எரிபொருளை நம்பாததே காரணம்.

★ வாகனம் வாங்கப் போகும்போது முதலில் டிப் ஸ்டிக்கை இழுங்கள். துணியால் துடைத்து, திரும்பச் செருகி, மறுபடி இழுத்துப் பாருங்கள். மட்டம் கீழ்க் கோட்டுக்கும் கீழே என்றால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது அல்லது கசிகிறது. மேல் கோட்டையும் தாண்டி நின்றால் "தாராளமாக ஊற்றியிருக்கிறார்" என்று மகிழ வேண்டாம். மூக்கருகே கொண்டுபோய் மணந்து பாருங்கள். டீசல் வாசம் அடித்தால், வடிகட்டியைச் சுத்தம் செய்ய எஞ்சின் கூடுதலாக விட்ட டீசல் ஒயிலில் இறங்கியிருக்கிறது. வீட்டிலிருந்து கோயிலுக்கும் கடற்கரைக்கும் மட்டுமே ஓடும் ஜீப்புகளுக்கு வரும் நோய் இது. சுத்திகரிப்பு முடியும் முன்பே சாவியைத் திருப்பி நிறுத்திவிடுவதால் வருவது. மாதத்தில் சில தடவையாவது மன்னார்ப் பாலம் தாண்டி மதவாச்சி வீதியில் நிற்காமல் ஓடிவிட்டு வாருங்கள். பிறகு ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். தார் போன்ற கறுப்புப் பசை கையில் ஒட்டினால் முன்னைய சொந்தக்காரர் ஒயில் மாற்றிய விதம் விளங்கிவிடும். மீற்றரில் கிலோமீற்றர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

★ டீசல் எஞ்சினில் புதிய ஒயில் சில நாட்களிலேயே கறுப்பது குற்றமல்ல. கரியைப் பிடித்து மிதக்க வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

★ வாங்கிய வாகனத்தில், விற்றவர் என்ன சொன்னாலும், முதல் வாரமே ஒயிலையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள். பசை பிடித்த எஞ்சினாக இருந்தால் கடுமையான ஃப்ளஷ் திரவம் ஊற்ற வேண்டாம். கட்டியாகப் பெயர்ந்து ஒயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும். நல்ல ஒயிலை 2,000, 3,000 கிலோமீற்றரில் இரண்டு முறை மாற்றினால் அழுக்கு மெல்லக் கரைந்து வெளியேறும். ஒரே நாளில் சுத்தம் செய்து தருகிறேன் என்பவரைவிட இந்தப் பொறுமையான வழியே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

★ சோளகக் காற்று வீசும் மாதங்களில் மன்னார்த் தீவெங்கும் பறப்பது மணல். தென்கரையில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, நுண்மணலை ஜீப்பின் எயார் பில்டருக்குள்ளும் அடிக்கிறது. பில்டர் விளிம்பில் சின்ன இடைவெளி இருந்தாலும் மணல் உள்ளே போய் ஒயிலோடு கலந்து சிலிண்டரை அராவும். எந்த விலை ஒயிலும் அதைத் தடுக்காது. இந்தக் காலத்தில் எயார் பில்டரை ஒவ்வொரு மாதமும் கழற்றிப் பாருங்கள்.

★ வள்ளத்துக்கு வாங்கிய 2டி ஒயில் மிச்சம் இருக்கிறதே என்று ஜீப்பில் ஊற்றி மட்டம் ஏற்ற வேண்டாம். அது எரிபொருளோடு கலந்து எரிந்துபோகவே செய்தது. மாதக்கணக்கில் எஞ்சினுக்குள் சுற்றும் வேலைக்கு ஆகாது.

★ ஒயில் மாற்றி முடிந்ததும் வெறும் கலனின் அடியில் ஓர் ஓட்டை போட்டுவிடுங்கள். நல்ல பெயருள்ள வெறுங்கலன்களை வாங்கிக் கழிவொயிலை வடித்து நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். கலனின் முத்திரை உங்கள் கண் முன்னால் உடைய வேண்டும் என்று கேட்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

★ ஒரு முறை மாற்றும்போது வடியும் பழைய ஒயில், பத்து இலட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம். பேசாலையில் இது வெறும் எண்ணிக்கை அல்ல. மன்னார்த் தீவின் நல்ல தண்ணீர், மணலுக்குள் ஆழமில்லாமல், உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மணல் எதையும் தடுக்காது, ஊற்றியது நேரே கீழே இறங்கும். வேலிக் கம்புக்குக் கறையான் வராமல் பூசுகிறேன், முற்றத்துத் தூசி அடங்கத் தெளிக்கிறேன் என்று ஊற்றும் கழிவொயில் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும். அதில் எஞ்சினிலிருந்து தேய்ந்த உலோகமும் கலந்திருக்கிறது. ஜீப்புக்கு எந்த ஒயிலை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். வடித்த ஒயிலை மட்டும் மூடியுள்ள கலனில் நிரப்பி, கழிவொயில் சேர்க்கும் சேர்விஸ் ஸ்டேசனிடம் கொடுத்துவிடுங்கள். பேசாலை மணலில் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம்.