இரு கால்களின் வலிமை



காரைக்கால் கடற்கரையில் வைகறையில் ஓடும் இளைஞர் பலர். சிலர் உடல்நலம் கருதி ஓடுகின்றனர். சிலர் காவல்துறைத் தேர்வை எண்ணி ஓடுகின்றனர். தம் இரு கால்களும் ஒத்த வலிமை உடையனவா என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதுண்டோ? அதனை அளந்தறியும் முறை பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நடக்கையில் சில கணமேனும் இரு பாதங்களும் நிலத்தில் இருக்கும். ஓட்டத்தில் அவ்வாறில்லை, ஒரு நேரத்தில் ஒரு காலே ஊன்றும். அந்த ஒற்றைக் கால் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசையைத் தாங்குகிறது. அக்கணத்தில் அதன் குறையை மற்றொரு கால் ஈடுசெய்ய இயலாது. ஆதலால் ஒவ்வொரு காலையும் தனித்தனியே அளத்தல் வேண்டும்.

இதற்கென ஆய்வகங்களில் டைனமோமீட்டர் என்னும் விசைமானி உண்டு. அதில் அமர்ந்து முழங்காலை நீட்டினால் தொடையின் முன்தசை விசையும், மடக்கினால் பின்தசை விசையும் தெரியும். மெதுவான அசைவில் பின்தசையின் விசை முன்தசையின் விசையில் ஏறத்தாழ 60 விழுக்காடு இருப்பது வழக்கம். எனவே வலத்தை இடத்தோடும், முன்னைப் பின்னோடும் ஒப்பிடுவர்.

கருவி இல்லாத இடத்தில் அளவுநாடா ஒன்று போதும். ஒற்றைக் காலால் முன்னோக்கித் தாவி, அதே காலில் தடுமாறாது நிற்க வேண்டும். ஒவ்வொரு காலாலும் மும்முறை தாவி, மிகுந்த தொலைவைக் குறித்துக்கொள்க. வலக்கால் 120 சென்டிமீட்டரும் இடக்கால் 102 சென்டிமீட்டரும் தாவின என்று கொள்வோம். 102-ஐ 120-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 85 விழுக்காடு வரும். முழங்கால் காயம் ஆறிய விளையாட்டு வீரரிடம் 90 விழுக்காடேனும் இருத்தல் வேண்டும் என்பது மருத்துவர் பலர் கொள்ளும் அளவு. மூட்டில் வலியுள்ளவர் தாவிப் பார்த்தல் ஆகாது, மருத்துவரையே நாடுக.

விடை வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடலாகாது. தாவலில் வலிமையோடு சமநிலையும், பழக்கமும், அச்சமும் கலந்திருக்கின்றன. ஆகவே ஓடிக் களைக்கும் முன், ஒரே தரையில், வேறுவேறு நாட்களில் அளந்து பார்த்தல் நன்று. மேலும், இரு கால்களும் ஒருங்கே நலிந்திருந்தால் கணக்கு 100 விழுக்காடு என்றே காட்டும்! ஒப்புமை வேறு, வலிமை வேறு.

சிறு வேறுபாடு எவர்க்கும் இயல்பு, அது நோயன்று. வலிக்கெல்லாம் தசையே காரணமும் அன்று. நம் கடற்கரை மணல் கிழக்கே சரிந்தது. வடக்கு நோக்கி ஓடுவோர்க்கு வலக்கால் தாழ்ந்து ஊன்றும். தெற்கு நோக்கினால் இடக்கால் தாழும். நாள்தோறும் ஒரே திசையில் ஓடுவோர் இதனையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

வேறுபாடு மிகுந்திருப்பின், பயிற்சியை நலிந்த காலில் தொடங்குக. அது எத்தனை முறை செய்ய வல்லதோ, அத்தனையே மற்றக் காலும் செய்யட்டும். சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். பிறரை முந்த விரும்புவோர் முதலில் தம் கால்களை அறிதல் வேண்டும்.