காய்ச்சலை மறைக்க வைத்தது யார்? நியூஜெர்சி கோடை முகாமில் எட்டு வாரங்கள்

"ஆன்ட்டி, காலைல அம்மா பிங்க் மெடிசின் குடுத்தாங்க. நல்லா ஸ்வீட்டா இருந்துச்சு."

ஜூலை மாதம் மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணி. மரத்தடியில் உட்கார்ந்து காகிதத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பையன் சர்வ சாதாரணமாக இதைச் சொன்னான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிங்க் நிறத்தில், இனிப்பாக, காலையில் கொடுக்கிற மருந்து என்றால் அது காய்ச்சல் மருந்து. நம் ஊரில் பாராசிட்டமால் சிரப் என்போமே, அதேதான்.

அன்று காலை எட்டரை மணிக்கு காரிலிருந்து இறங்கும்போது அவன் நெற்றியில் வெப்பநிலை பார்த்தது நான்தான். 98.4. "சூப்பர்டா கண்ணா, உள்ளே போ" என்று அனுப்பியதும் நான்தான்.

நியூஜெர்சி மாநிலம் மிடில்செக்ஸ் கவுண்டியில் சின்னதாக ஒரு கோடைக்கால பகல் முகாம் நடத்துகிறேன். எட்டு வருடமாகிறது. இங்கே ஜூன் மூன்றாவது வாரம் பள்ளி மூடினால் செப்டம்பரில்தான் திறப்பார்கள். அந்தப் பத்து வாரம் அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது? நம் ஊர் மாதிரி பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. அதனால்தான் இங்கே தெருவுக்குத் தெரு 'சம்மர் கேம்ப்'. காலையில் கொண்டுவந்து விட்டால் மாலையில் கூட்டிப்போவார்கள். விளையாட்டு, ஓவியம், கொஞ்சம் தமிழ், கொஞ்சம் செஸ்.

இந்த வருடம் நடத்துவதா வேண்டாமா என்று மே மாதம் முழுக்க யோசித்தேன். 2020 ஆகஸ்டுக்குள் நியூஜெர்சியில் மட்டும் 15,000 பேருக்கு மேல் கொரோனாவில் இறந்திருந்தார்கள். ஏப்ரல் மாதத்து ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆளுநர் ஃபில் மர்ஃபி, ஜூலை 6 முதல் பகல் முகாம்களை நடத்தலாம், இரவு தங்கும் முகாம்கள் கூடாது என்று அறிவித்தார். அறிவிப்பு வந்த அன்று மாலையே என் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. "அக்கா, நீங்க நடத்துவீங்கல்ல?" மூன்று மாதம் வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலிருந்தே பள்ளி என்று தவித்துப்போன பெற்றோரின் குரல் அது. மறுக்க மனம் வரவில்லை. வாடகை கட்ட வேண்டிய கட்டாயம் எனக்கும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறு குழந்தைகள் வருகிற இடத்தில் நாற்பது பேரை மட்டும் சேர்த்தோம். பத்துப் பத்துப் பேராக நான்கு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பராமரிப்பாளர்கள். ஒரு குழு இன்னொரு குழுவோடு கலக்கவே கூடாது. அண்ணன் ஒரு குழு, தங்கை ஒரு குழு என்று பிரித்தால் இரண்டு குழுவும் ஒன்றாகிவிடும் என்பதால் உடன்பிறந்தவர்களை ஒரே குழுவில் போட்டோம். நாள் முழுக்க புல்வெளியில், கூடாரத்துக்கு அடியில். மழை பெய்தால் மட்டும் உள்ளே, அதுவும் எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, முகக்கவசத்தோடு. ஆகஸ்ட் 4 அன்று இசையாஸ் புயல் வந்து பாதி மாநிலம் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது முகாமை மூடிவிட்டோம்.

குழந்தைகள் முகக்கவசம் போடுவார்களா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். போட்டார்கள். பெரியவர்களைவிட ஒழுங்காகவே போட்டார்கள். நாங்கள் திணறியது வேறு விஷயங்களில். முதலாவது கழிப்பறை. ஒருவர் போய் வந்த பிறகுதான் அடுத்தவர் என்றால், ஐந்து வயதுக் குழந்தைக்கு அது புரியுமா? இரண்டாவது, சாப்பாடு. "என் டப்பால இருந்து எடுத்துக்கோ" என்று பகிர்ந்து சாப்பிடத்தான் இத்தனை வருடமும் சொல்லிக் கொடுத்தேன். இந்த வருடம் அதையே கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குட்டிப் பெண் முறுக்கை நீட்டிக்கொண்டே நின்றாள். எதிரே இருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை மறக்காது.

மூன்றாவது பாட்டு. காலையில் கூட்டாகப் பாடித்தான் முகாம் தொடங்கும். அதை நிறுத்திவிட்டோம். உரக்கப் பாடும்போது வாயிலிருந்து வெளிவரும் துளிகள் அதிகம் என்று படித்திருந்ததால் நிறுத்தினோம். அது சரியான முடிவுதான் என்பது ஜூலை கடைசியில் தெரிந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் ஜூன் மாதம் நடந்த ஓர் இரவுத் தங்கல் முகாம் பற்றி, நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஜூலை 31 அன்று அறிக்கை வெளியிட்டது. அந்த முகாமில் இருந்த ஜார்ஜியாவாசிகள் 597 பேர். பரிசோதனை முடிவு கிடைத்த 344 பேரில் 260 பேருக்குத் தொற்று. வந்தவர்கள் எல்லோரும் முன்கூட்டியே பரிசோதனை செய்துகொண்டுதான் வந்திருந்தார்கள். ஆனால் அந்தப் பரிசோதனை பன்னிரண்டு நாள் பழையதாகக்கூட இருக்கலாம் என்று விட்டிருந்தார்கள். ஊழியர்களுக்கு முகக்கவசம் உண்டு, குழந்தைகளுக்குக் கட்டாயம் இல்லை. அறைகளின் ஜன்னல்களைத் திறந்து வைக்கவில்லை. தினமும் உரக்கப் பாட்டு, கோஷம்.

நாடு ஒன்றுதான், விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் என் தோழி ஒருத்தி தன் மகளை முகாமில் சேர்த்தாள். அங்கே ஒரு குழுவில் பன்னிரண்டு பேர்தான். குறைந்தது மூன்று வாரம் அதே குழு, அதே ஆசிரியர். வாரத்துக்கு ஒரு முகாம் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் தொற்றும் கூடவே ஊர் சுற்றும் என்பது அவர்கள் கணக்கு. டெக்சாஸிலோ மே 31 முதலே பகல் முகாம், இரவு முகாம் இரண்டுக்கும் அனுமதி. டல்லாஸ் பக்கம் இருக்கிற என் தம்பி பணம் கட்டிவிட்டு, ஜூன் கடைசியில் தொற்று எகிறியதும் பிள்ளைகளை அனுப்பாமல் நிறுத்திவிட்டான். ஜூலை தொடக்கத்தில் அங்கே முகக்கவசம் கட்டாயமானபோதும் பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விலக்கு.

சரி, அந்தப் பையன் கதைக்கு வருகிறேன்.

உடனே மறுபடி வெப்பநிலை பார்த்தோம். 99.8. மதியம் ஒரு மணிக்கு 101. மருந்தின் வேகம் குறைந்துவிட்டது. இங்கே 100.4 தாண்டினால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. தனியாக வைத்திருந்த கூடாரத்தில் அவனைப் படுக்க வைத்து, ஆறடி தள்ளி நான் உட்கார்ந்துகொண்டேன். "ஆன்ட்டி, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டான். இல்லடா கண்ணா என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கை நீண்டது. இழுத்துக்கொண்டேன்.

அவன் அம்மா அரை மணி நேரத்தில் வந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறி இருந்தது. நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று எழுந்து போனேன். அவர் காரிலிருந்து இறங்கும்போதே அழுதுகொண்டிருந்தார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவர், தன் அப்பா இறந்ததற்காக மார்ச் மாதம் இந்தியா போனவர். அமெரிக்கத் தூதரகங்கள் விசா வேலைகளை நிறுத்திவிட்டன. ஜூனில் அதிபர் டிரம்ப், புதிய எச்-1பி விசாவில் வருவோருக்கு 2020 இறுதிவரை தடை போட்டுவிட்டார். அவர் அங்கே, இவர் இங்கே ஒற்றை ஆளாக. இவருக்கும் அதே விசாதான். வேலை போனால் அதிகபட்சம் அறுபது நாளில் இன்னொரு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அன்று அவர் அலுவலகத்தில் முக்கியமான மீட்டிங். ஏற்கெனவே இரண்டு நாள் லீவு போட்டாயிற்று.

"ராத்திரி லேசாத்தான் சுட்டுச்சு அக்கா. இன்னைக்கு ஒரு நாள் ஓடினா போதும்னு நெனச்சேன். அதோட, பணமும் திரும்ப வராதுன்னு போட்டிருந்தீங்களே..."

கடைசி வாக்கியம்தான் என்னை நிறுத்தியது. ஆமாம், போட்டிருந்தேன். விண்ணப்பப் படிவத்தின் கடைசி வரியில், தடித்த எழுத்தில்: 'கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது.' எட்டு வருடமாக இருக்கிற வரி. இந்த வருடம் பன்னிரண்டு பக்கத்துக்குப் பாதுகாப்பு விதி எழுதினேன். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றத் தோன்றவில்லை.

அன்று மாலை அந்தக் குழுவின் மற்ற ஒன்பது குடும்பங்களுக்கும் போன் செய்தேன். பையன் பெயரைச் சொல்லவில்லை. முடிவு தெரியும்வரை குழுவை மூடுகிறோம், பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். சிலர் புரிந்துகொண்டார்கள். ஒரு அப்பா கத்தித் தீர்த்துவிட்டார். அவர் வீட்டில், ஜனவரியில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து, விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்ட மாமனார் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது, சர்க்கரை நோயாளி. அவர் கத்தியதில் எனக்கு வருத்தமே இல்லை. நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன். பராமரிப்பாளர்களில் ஒருத்தி கல்லூரி மாணவி. பாட்டியோடு வசிப்பவள். அன்று முதல் வீட்டின் பேஸ்மென்டில் படுத்துக்கொண்டாள்.

பரிசோதனை முடிவு வர எட்டு நாள் ஆனது. ஜூலையில் நாடு முழுக்க அப்படித்தான், ஆய்வகங்களில் தேக்கம். எட்டு நாளும் எனக்குச் சரியான தூக்கமில்லை. போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கும். அந்த எழுபத்தெட்டு வயது முகம் தெரியாத பெரியவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொற்று இல்லை என்று முடிவு வந்தது. சாதாரண வைரஸ் காய்ச்சல். அந்தப் பெரியவர் நலம். பாட்டி நலம்.

ஆனால் முடிவு வருவதற்கு முன்பே, அடுத்த நாள் காலையிலேயே, அந்த வரியை அடித்துவிட்டேன். உடம்பு சரியில்லை என்று காலை எட்டு மணிக்குள் போன் செய்தால், அன்றைய கட்டணம் திரும்ப வரும். மருத்துவச் சான்று வேண்டாம், காரணம் கேட்க மாட்டோம். காய்ச்சல் மருந்து கொடுத்திருந்தால் 24 மணி நேரம் வரக்கூடாது. தினமும் காலையில் கேட்கும் கேள்விகளில் "மருந்து ஏதாவது கொடுத்தீர்களா?" என்பதையும் சேர்த்தோம். பராமரிப்பாளர்களுக்கும் அப்படியே: உடம்பு முடியவில்லையா, சம்பளத்தோடு வீட்டில் இரு.

முதல் வாரங்களில் 'குழந்தைக்கு உடம்பு சரியில்லை' என்று ஒருவர்கூட என்னை அழைத்ததில்லை. பத்து வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகளில் யாருக்கும் மூக்குகூட ஒழுகவில்லையாம்! அதை நம்பி நானும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். விதியை மாற்றியபின் வாரத்துக்கு இரண்டு மூன்று போன் வந்தது. "வயிறு சரியில்ல அக்கா", "தொண்டை கரகரங்குதாம்." வந்த பணத்தில் கொஞ்சம் போயிற்று. இந்த வருடம் லாபம் என்று எதுவும் இல்லை. போகட்டும்.

2020 ஆகஸ்ட் 28 அன்று, எட்டாவது வாரத்தோடு முகாம் முடிந்தது. ஒரு தொற்றும் இல்லை. இதற்கு என் சாமர்த்தியம்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். ஜூலையிலும் ஆகஸ்டிலும் நியூஜெர்சியில் தொற்று தணிந்திருந்தது. இதே விதிகளோடு இதே முகாமை ஜூலையில் டெக்சாஸில் நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. ஊருக்குள் நெருப்பு எரிந்தால் வேலி தாங்காது.

ஆகஸ்ட் 26 அன்று சிடிசி இன்னொரு அறிக்கை வெளியிட்டது. மெய்ன் மாநிலத்தில் நான்கு இரவுத் தங்கல் முகாம்கள். குழந்தைகளும் ஊழியர்களுமாக 1,022 பேர். வருவதற்கு முன் பரிசோதனையில் தொற்று தெரிந்த நான்கு பேர், குணமாகும்வரை வீட்டிலேயே தனிமையில் இருந்துவிட்டுத்தான் முகாமுக்கு வந்தார்கள். வந்தபின் பரிசோதித்ததில் அறிகுறியே இல்லாத மூன்று பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. உடனே அவர்களைத் தனிமைப்படுத்தி, அவர்களின் குழுக்களையும் ஒதுக்கி வைத்தார்கள். அவர்களிடமிருந்து வேறு யாருக்கும் பரவவில்லை. ஜார்ஜியாவையும் மெய்னையும் அருகருகே வைத்துப் படித்தேன். மெய்னில் செய்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. பரிசோதனை, சிறு குழு, முகக்கவசம், கண்டதும் ஒதுக்கி வைத்தல். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தார்கள், கடைசிவரை செய்தார்கள்.

அப்போது இங்கே பள்ளி திறப்பதா, வீட்டிலிருந்தே பாடமா என்று ஒவ்வொரு ஊரிலும் சண்டை நடந்தது. தமிழ்நாட்டிலும் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது, பள்ளி எப்போது திறக்கும் என்று என் அக்கா வாரா வாரம் கேட்டாள். திறக்கிற நாளில் வாசலில் வெப்பமானி இருக்கும், சானிடைசர் இருக்கும், தரையில் வட்டம் போட்டிருப்பார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் நம் ஊரிலும் காய்ச்சலோடு பிள்ளையை மாத்திரை போட்டு அனுப்புகிற அம்மாக்கள் உண்டு. அன்றைய கூலியை விட முடியாதவர்கள், லீவு கேட்டால் வேலை போகும் என்று பயப்படுகிறவர்கள். வருகைப்பதிவு நூற்றுக்கு நூறு என்று பரிசு கொடுத்த பள்ளியும், பணம் திரும்ப வராது என்று எழுதிய நானும் அவர்களை அதே பக்கம்தான் தள்ளினோம்.

பள்ளி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெப்பமானி வாங்குவதற்கு முன் உங்கள் விதிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு நாள் வராமல் போனால் அந்தக் குடும்பம் எதை இழக்கும்? கட்டணமா, மதிப்பெண்ணா, மதிய உணவா? அதை முதலில் சரி செய்யுங்கள்.

அந்தப் பையன் மறு வாரமே திரும்ப வந்துவிட்டான். அவன் அம்மாவுக்கு நான் ஒரு மன்னிப்புக் கேட்டேன். அவரும் என்னிடம் கேட்டார். கணவர் அப்போதும் சென்னையில்தான் இருந்தார்.